உள்தோட்டத்துக்கு வழி: பாலக்காட்டு எல்லையோரத்தில் தடப் பாத்தியம் காக்க முழுமையான வழிகாட்டி

என் மாமனாரின் தென்னந்தோப்பு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ரோட்டைத் தொடாத உள்தோட்டம். தார் ரோட்டிலிருந்து தோப்புக்குப் போக முதலில் ஓர் இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி இருக்கிற தடம்), அப்புறம் அடுத்தவர் நிலத்தின் ஓரமாக ஒரு வண்டித்தடம். 40 வருஷத்துக்கு மேலாக மாடு, வண்டி, டிராக்டர் எல்லாம் அதில்தான் போய் வந்தன. ஒரு நாள் காலையில் தேங்காய் ஏற்றப் போன வேன் வெறுமனே திரும்பி வந்தது. தடத்தின் வாயில் இரண்டு கல்லுக்கால் நட்டுச் சங்கிலி போட்டிருந்தார்கள். நிலம் கைமாறியிருந்தது.

புதிதாக வாங்கியவர் சண்டைக்காரர் இல்லை. "பூட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. 'உங்க அனுமதியோடதான் போறோம்'னு ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் கொடுங்க, சாவி தந்துடறேன்" என்றார். மாமனார் பேனாவை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, இதுல கையெழுத்துப் போட்டா 40 வருஷமும் அவர் தயவுல போனதா ஆயிடும்" என்றேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கடுதாசியைச் சுற்றித்தான். நான் வக்கீல் இல்லை. ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுபவர் ஒருவரிடம் பல வருஷம் உதவியாளாக இருந்தவன். வழித் தகராறில் தோற்றுப்போனவர்கள் பெரும்பாலும் உரிமை இல்லாமல் தோற்கவில்லை. தங்களுடையது எந்த வகை வழி என்று தெரியாமல், சொல்லக் கூடாததைச் சொல்லி, எழுதக் கூடாததை எழுதித் தோற்றார்கள்.

படி 1: உங்கள் வழி எந்த வகை?

யாரிடமும் வாய் திறக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். இங்கே அடிப்படைச் சட்டம் 1882ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டம். தமிழில் வசதியுரிமைச் சட்டம் என்று எழுதுவார்கள். ஈஸ்மெண்ட் என்றால் அடுத்தவர் நிலத்தில் உங்களுக்கு இருக்கும் வழி போன்ற உரிமை. எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் 'மாமூல் வழித்தட பாத்தியம்' என்று வருவதும் இந்தச் சங்கதிதான். கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் மூன்று பக்கத்துக் கோர்ட்டிலும் இதே சட்டத்தைத்தான் பிரிப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அது பொது வழியா என்பதை. பஞ்சாயத்து வழி, புறம்போக்கு வண்டிப்பாதை, சர்வே கணக்கில் ஏறிய இட்டேரி என்றால் அது யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அங்கே உங்களுக்கு ஈஸ்மெண்ட்டே தேவையில்லை. அடைத்தவர் மேல் புகார் கொடுத்தால் போதும். ஆந்திரப் பக்கம், குப்பம், நகரி வட்டாரத்தில் 'டொங்க' என்று சொல்லும் வேலியோர வண்டிப்பாதைகளும் பல இடங்களில் புறம்போக்காகவே கணக்கில் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருக்கிற பழைய இட்டேரியைப் பார்த்தால், தனியார் தடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

பொது வழி இல்லையென்றால், முதல் வகையான பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வழியா என்று பாருங்கள். இதுதான் இருப்பதிலேயே பலமானது. அகலம், நீளம், எதற்காக என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். வேறு வழி பிற்பாடு கிடைத்தாலும் இது அழியாது. 2006ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: எழுதிக் கொடுத்த வழி, தேவை தீர்ந்தது என்பதால் முடிந்துபோகாது.

இரண்டாவது, அவசிய வழி. 13ஆம் பிரிவு. பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். 'என் தோட்டத்துக்கு வேறு வழியே இல்லை, அதனால் பக்கத்துக்காரர் விட்டே ஆக வேண்டும்' என்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் நிலமும் அந்தப் பக்கத்து நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து, விற்றதாலோ பாகம் பிரித்ததாலோ உயில் எழுதியதாலோ பிரிந்து, அந்தப் பிரிவினால் உங்கள் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அந்நியர் நிலம், ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை என்றால் அவசிய வழி என்ற வாதம் நிற்காது. இன்னொன்று: அவசியம் என்றால் அவசியமேதான். சுற்றிப் போக ஒரு வழி இருந்தால், அது கால் கிலோமீட்டர் கூடுதல் என்பதற்காக இது கிடைக்காது. மாற்று வழி திறந்த அன்றைக்கே இந்த உரிமை முடியும், 41ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அண்ணன் தம்பி பாகத்தில் உள்பாகம் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இந்த வகைதான். வழி எந்த இடத்தில் என்பதை விடுகிறவர் காட்டலாம், ஆனால் அது உங்களுக்கு ஓரளவு வசதியாக இருக்க வேண்டும். அவர் காட்ட மறுத்தால் நீங்களே குறித்துக்கொள்ளலாம் என்கிறது 14ஆம் பிரிவு.

மூன்றாவது, பழக்கத்தால் வந்த வழி. 15ஆம் பிரிவு. 20 வருஷம் இடைவிடாமல், வெளிப்படையாக, சண்டையில்லாமல், உரிமையாகப் போய் வந்திருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் 30 வருஷம். ஆளியாறுத் தண்ணீர் வரும் வாய்க்கால்களின் கரையில் பைக் ஓட்டிப் போகிறவர்கள் இந்த 30ஐ மனதில் வையுங்கள். கரை இலாகாவுடையது, 20 வருஷம் போனேன் என்பது அங்கே எடுபடாது.

இதில் 'உரிமையாக' என்ற சொல்தான் உயிர். அனுமதி கேட்டுப் போனால் அது நான்காவது வகை: வெறும் சம்மதம், சட்ட மொழியில் லைசன்ஸ். கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவர் நிலத்தை விற்றாலோ வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. 60ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. சம்மதத்தை நம்பி நீங்கள் செலவழித்து நிலையான வேலை ஏதாவது, பாலமோ கல் பாவிய தடமோ, செய்திருந்தால் எடுக்க முடியாது. ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. மாமனார் எழுத இருந்த கடுதாசி 40 வருஷத்து மூன்றாம் வகையை ஒரே வரியில் நான்காம் வகையாக்கும் கடுதாசி.

மூணாறு, பீருமேடு எஸ்டேட்டுகளுக்குள்ளே இருக்கிற சிறு குடியிருப்புக்காரர்களுக்கும் இதே கதைதான். கேட்டில் வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதிப் போகும் வழி ஒன்று, யாரும் கேட்காமல் போகும் வழி ஒன்று. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தாலும் சட்டத்தில் வேறு வேறு.

கொஞ்சம் விலகிப் போகிறேன்: தீவுத்துண்டுகள்

எங்கள் சித்தூர் தாலுகாவே ஒரு காலத்தில் உள்தோட்டம்தான். கொச்சி சமஸ்தானத்தின் மற்றப் பகுதியோடு ஒட்டாமல், பிரிட்டிஷ் மலபாருக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கும் நடுவே தனித் துண்டாகக் கிடந்தது. கொச்சிக்குப் போக அடுத்த ஆட்சியின் மண்ணைத் தாண்ட வேண்டும். ஆட்சிகளுக்கிடையிலும் வழித் தகராறு வரும்.

அப்படி ஒன்று சர்வதேச நீதிமன்றம் வரை போனது. குஜராத் ஓரத்தில் தாத்ரா, நகர் ஹவேலி என்ற போர்ச்சுகீசியத் துண்டுகள் இந்திய மண்ணுக்குள் இருந்தன. அங்கே போய்வர வழி கேட்டு 1955ல் போர்ச்சுகல் இந்தியா மேல் வழக்குப் போட்டது. 1960 ஏப்ரல் 12ல் தீர்ப்பு. சாதாரண மக்களும் சிவில் அதிகாரிகளும் சரக்கும் ஒன்றேகால் நூற்றாண்டாகத் தடையில்லாமல் போய் வந்திருக்கிறார்கள், ஆகவே அது இந்தியாவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உரிமை. ராணுவமும் ஆயுதப் போலீசும் ஆயுதங்களும் ஒவ்வொரு தடவையும் அனுமதி பெற்றே போயின, ஆகவே அங்கே உரிமை இல்லை. இந்தியா தன் கடமையை மீறவில்லை என்றும் சொல்லிவிட்டது. எங்கள் தோப்புச் சங்கிலிக்கும் ஹேக் நகரத்துத் தீர்ப்புக்கும் நடுவே இருக்கிற கணக்கு ஒன்றுதான்: கேட்டுப் போனாயா, கேட்காமல் போனாயா?

வங்கதேச எல்லையில் இப்படி ஒருவர் நாட்டுக்குள் ஒருவர் துண்டாக இருந்த 162 இடங்கள் 2015 ஆகஸ்ட் 1 முதல் கைமாறின. அதற்கு முன் தீன்பிகா என்ற சிறு பாதையை 1992ல் குத்தகைக்கு விட்டுத்தான் ஒரு துண்டுக்கு வழி கிடைத்தது. தகராறு தீர ஒன்று நிலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது வழியை எழுதிக்கொள்ள வேண்டும். நமக்கும் இந்த இரண்டு யோசனையும் 4ஆம் படியில் உதவும்.

படி 2: காகிதம் தேடுங்கள், இரண்டு பக்கமும்

எல்லையோரத்தின் தலைவலி இங்கேதான். நிலத்தில் கோடு ஒன்றும் தெரியாது, கணக்கில் எல்லாம் மாறிவிடும். 1956 நவம்பர் 1ல் மாநிலங்கள் பிரிந்த பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம். கேரளப் பக்கம் அடிப்படை வரிப் பதிவேடு, தண்டப்பேர், கரம் அடைத்த (வரி கட்டிய) ரசீது. ஆந்திரத்தில் அடங்கலும் 1-பி கணக்கும். பட்டாவைக் கொண்டுபோய் கேரள வில்லேஜ் ஆபீசில் காட்டினால் அவர்கள் முழிப்பார்கள்.

உங்கள் ஆதாரத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். முன்னாதாரம், அதற்கு முன்னாதாரம் என்று பின்னோக்கிப் போங்கள். அப்புறம், இது முக்கியம், பக்கத்து நிலத்துக்காரரின் பழைய ஆதாரங்களையும் தேடுங்கள். பதிவான ஆதாரத்தின் நகலை சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் விண்ணப்பித்து வாங்கலாம். எந்த ஆதாரம் என்று தெரிய வில்லங்கச் சான்று போடுங்கள். கேரளத்தில் அதைக் குடிக்கடச் சான்று என்றும் சொல்வார்கள். தேடும்போது செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை, வரி வரியாகப் படியுங்கள். 'வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டி போகும் வழி' என்று எல்லையில் ஒரு வழி தலைகாட்டினால் அது தங்கம். உங்கள் பத்திரத்தில் நீங்கள் எழுதிக்கொண்டதை எதிராளி மறுக்கலாம். அவர் பத்திரத்தில் அவர் முன்னோர் எழுதியதை மறுப்பது கஷ்டம். எங்களுக்கு விஷயம் திரும்பியது இப்படித்தான். புதியவரின் முன்னாதாரத்தில், மலையாளத்தில், எங்கள் தடம் ஓர் எல்லையாகவே எழுதப்பட்டிருந்தது.

சர்வே படமும் வாங்குங்கள். தமிழ்நாட்டுப் புலப்படத்தில் வண்டிப்பாதையைப் புள்ளிக் கோடாகக் காட்டுவார்கள். கேரளத்தில் பழைய சர்வே படம், மறுசர்வே படம் இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள். மறுசர்வேயில் காணாமல் போன வழிகள் பழையதில் இருக்கும். பஞ்சாயத்து வழியா என்று தெரிய பஞ்சாயத்து ஆபீசில் ஆஸ்தி ரிஜிஸ்தரைப் பாருங்கள். கேட்டால் காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்கள். ஆஸ்தி ரிஜிஸ்தரில் இருந்தால் அந்த வழிக்குச் சண்டை போட வேண்டியது பஞ்சாயத்து, நீங்கள் மட்டும் இல்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நம் ஆட்கள் பலர் மலையாளத்தில் மனு எழுதத் தெரியாமல் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். தமிழில் மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

படி 3: நிலத்தில் இருப்பதைப் பதிவு செய்யுங்கள்

தகராறு வரும் முன்பே செய்தால் உத்தமம். தடத்தின் அகலத்தை நாலைந்து இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். போட்டோ எடுங்கள், தேதியோடு. வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம், தடத்தை ஒட்டி நிற்கும் பழைய பனை, கல், கிணறு எல்லாம் சாட்சி. தேங்காய் ஏற்றிய வண்டிக்காரர், உழவு ஓட்டிய டிராக்டர்காரர், தபால்காரர் இவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள். 70 வயதுக்காரர் ஒருவர், 'நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இதுதான் தடம்' என்று சொன்னால், பத்து போட்டோவுக்குச் சமம்.

போவது யார், எதில் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 28ஆம் பிரிவு ஒரு கறாரான பிரிவு. ஒருவகை வழியுரிமையில் இன்னொரு வகை அடங்காது. நடந்தே போன தடத்தில் லாரி விட உங்களுக்கு உரிமை இல்லை. ஒற்றையடிப் பாதையை வண்டித்தடம் ஆக்க முடியாது. அதேபோல் போய்வரும் உரிமையில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் உரிமையும் கரண்ட் கம்பி இழுக்கும் உரிமையும் தானாக வந்துவிடாது. தடத்தைச் செப்பனிட உள்ளே இறங்கி வேலை செய்யும் உரிமை மட்டும் உண்டு. பழுதுபார்ப்பது உங்கள் செலவு, நிலத்துக்காரர் ஒரு கூடை மண்கூடப் போட வேண்டியதில்லை.

கேரளத்தில் தடம் வயல் வரப்பாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வரப்பை மண் கொட்டி அகலப்படுத்தினால் 2008ஆம் வருஷத்து நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்துவிடும். டேட்டா பேங்க் என்கிற வயல் பட்டியலில் அந்த நிலம் வயலாக இருக்கிறதா என்று கிருஷி பவனில் (வேளாண்மை ஆபீசில்) கேட்காமல் ஒரு லோடு மண்ணும் இறக்காதீர்கள். வழக்குக் கட்ட வந்தவர் நீங்கள், வழக்கு உங்கள் மேலேயே திரும்பிவிடும்.

படி 4: பேசுங்கள், பேசியதைப் பதிவு செய்யுங்கள்

காகிதம் கையில் வந்த பிறகே பேச்சு. வெறும் கையோடு போனால் கெஞ்சல் ஆகிவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம், பழைய ஆதாரத்தின் நகலை எடுத்து வைத்தோம். குரலை உயர்த்தவில்லை. புதியவரின் கவலை என்னவென்று கேட்டோம். தடம் அவர் நிலத்தைக் குறுக்கே வெட்டுகிறது, அங்கே தென்னங்குழி போட முடியவில்லை. அவ்வளவுதான். தடத்தை அவர் வேலியோரம் தள்ளிப் போட ஒப்புக்கொண்டோம்.

கணக்குப் பாருங்கள்: 10 அடி அகலம், 200 அடி நீளம் என்றால் 2,000 சதுர அடி, கிட்டத்தட்ட 4.6 சென்ட். ஊர் விலை போட்டுப் பார்த்தால் வழக்குச் செலவை விடச் சில இடங்களில் குறைவாகவே இருக்கும். அந்த 4.6 சென்ட்டை விலைக்கே வாங்கிக்கொள்வதோ, உங்கள் ஓரத்தில் அவ்வளவு நிலம் கொடுத்து மாற்றிக்கொள்வதோ ஈஸ்மெண்ட்டை விடச் சுத்தமான தீர்வு.

முடியாது என்றால் வழி உரிமை ஆதாரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 100 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டுப் பீரோவில் வைப்பதை எங்கள் பக்கம் 'எக்ரிமெண்ட்' என்பார்கள். அடுத்த தலைமுறையில் அதைக் காற்றில் பறக்கவிடலாம். பதிவு செய்த ஆதாரம்தான் வில்லங்கச் சான்றில் ஏறும், அதைப் பார்த்துத்தான் நாளை வாங்குகிறவர் தெரிந்துகொள்வார்.

எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும்? இரண்டு நிலத்தின் சர்வே எண்ணும். தடம் தொடங்கும் புள்ளி, முடியும் புள்ளி, ஒவ்வொரு இடத்திலும் அகலம், ஒரு படம். 'ஆள், கால்நடை, வண்டி, டிராக்டர், கார், லாரி போய்வரவும், தண்ணீர்க் குழாய், மின்கம்பி கொண்டு செல்லவும்' என்று விரித்து எழுதுங்கள், 'வழி பாத்தியம் உண்டு' என்று இரண்டு வார்த்தையில் முடிக்காதீர்கள். இது நிலத்தோடு போகிற உரிமை, வாரிசுக்கும் வாங்குகிறவருக்கும் பொருந்தும் என்று ஒரு வரி. கேட் போடலாமா, பூட்டலாமா, சாவி யாரிடம், இதையும் எழுதுங்கள். எங்களுக்கு ராத்திரியில் சங்கிலி உண்டு, பூட்டு கிடையாது.

அவர் நிலம் பேங்க் அடமானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேங்கின் சம்மதம் வாங்கிவிடுங்கள். கூட்டுச் சொத்து என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். துபாயில் இருக்கிற தம்பி விட்டுப்போனால் பிற்பாடு அவர்தான் கேஸ் போடுவார்.

படி 5: அடைத்துவிட்டார்கள் என்றால் முதல் வாரம்

கடப்பாரையை எடுக்காதீர்கள். தடையை நீங்களே இடிக்கச் சட்டம் இடம் தரவில்லை, 36ஆம் பிரிவு நேரடியாகவே மறுக்கிறது. கோபத்தில் கல்லைப் பிடுங்கினால் வழக்கு வழியைப் பற்றியதாக இருக்காது, உங்களைப் பற்றியதாக இருக்கும்.

தேதி குறியுங்கள். அடைத்த தேதி உங்களுக்குக் கடிகாரத்தைத் தொடங்கிவிட்டது. 15ஆம் பிரிவின்படி, தடை போட்டதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு வருஷம் அதற்குப் பணிந்து சும்மா இருந்தால் அனுபவம் முறிந்ததாகிவிடும். 20 வருஷ அனுபவமும் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 வருஷத்துக்குள் வந்து முடிவதாக இருக்க வேண்டும். 'ஊர்க்காரங்க பேசித் தீர்த்துடலாம்' என்று இரண்டு மூன்று பொங்கல் கழித்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நல்ல மனசுக்குக் கோர்ட்டில் இடமில்லை. பேச்சு நடந்தால் நடக்கட்டும், எதிர்ப்பை எழுத்தில், ஸ்பீட் போஸ்டில் தெரிவித்து வையுங்கள்.

சங்கிலி, கேட் என்றாலே தடை என்று கோர்ட் எப்போதும் எடுத்துக்கொள்வதில்லை. தள்ளித் திறந்து போகக்கூடிய கேட் ஒரு மாதிரி. பூட்டிச் சாவி தராதது வேறு மாதிரி. உங்கள் அனுபவத்துக்குக் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

அவசரம் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது தாசில்தார் என்ற நிலையில் இருக்கும் நிர்வாக நடுவரிடம் போகலாம். அமைதி கெடும் அளவுக்கு நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமையில் தகராறு என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147ஆக இருந்தது. இதிலும் ஒரு கால வரம்பு: எப்போதும் பயன்படுத்தும் வழி என்றால், நடுவருக்குப் போலீஸ் அறிக்கையோ தகவலோ கிடைத்த நாளுக்கு முந்தைய 3 மாதத்துக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அறுவடைக்கு மட்டும் போகிற வழி என்றால், கடைசிப் பருவத்தில் போயிருக்க வேண்டும். இது தற்காலிகத் தீர்வுதான், உரிமையைத் தீர்மானிப்பது சிவில் கோர்ட். பொது வழியை அடைத்திருந்தால் அதே சட்டத்தின் 152ஆம் பிரிவும், புறம்போக்கு என்றால் தாசில்தாரிடம் ஆக்கிரமிப்புப் புகாரும்.

போலீஸ் ஸ்டேஷனில் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள். பாதி சரிதான்.

படி 6: கோர்ட்

எந்த ஊர்க் கோர்ட்? உங்கள் வீடு பொள்ளாச்சியில் இருக்கலாம், தோப்பும் அங்கே இருக்கலாம். தடம் ஓடுகிற நிலம் கேரளத்தில் என்றால் அந்த நிலம் இருக்கும் ஊர் முன்சிப் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மாநில எல்லை உங்கள் உரிமையை முறிப்பதில்லை, அலைச்சலைக் கூட்டும்.

வக்கீலிடம் போகும்போது பிராதில் (வழக்கு மனுவில்) இரண்டு விஷயம் சரியாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஒன்று, எந்த வகை வழி, எந்த வருஷத்திலிருந்து, யார் யார், எதில் போனார்கள், தடத்தின் அளவு என்ன. 'காலங்காலமாகப் போகிறோம்' என்றால் போதாது. ஈஸ்மெண்ட் கேட்கிறவர் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாததைக் கோர்ட் தானாகத் தராது என்று 2008ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்த வழி, அது இல்லையென்றால் அவசிய வழி, அதுவும் இல்லையென்றால் பழக்க வழி என்று மாற்று வாதமாக அடுக்கலாம்.

இரண்டு, 'அந்தத் தடம் என்னுடைய சொந்த நிலம்' என்று எங்கேயும் எழுதாதீர்கள், உண்மையிலேயே சொந்தமாக இருந்தாலொழிய. ஈஸ்மெண்ட் என்றாலே அடுத்தவர் நிலத்தில் போகும் உரிமை. என் நிலம் என்று நினைத்து 20 வருஷம் நடந்தவருக்குப் பழக்க வழி விளையாது. நாக்கு நீளமாகி இரண்டையும் கேட்டு இரண்டையும் இழந்தவர்கள் உண்டு.

கேட்க வேண்டிய பரிகாரம் மூன்று: உரிமை உண்டு என்ற விளம்புகை, இனித் தடுக்கக் கூடாது என்ற நிரந்தரத் தடை, போட்ட சுவரையோ கல்லையோ எடுக்க வேண்டும் என்ற கட்டளை உத்தரவு. மூன்றாவதை விட்டுவிட்டால் டிகிரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) கையில் இருக்கும், சுவர் அங்கேயே நிற்கும்.

வழக்குப் போட்ட கையோடு அட்வகேட் கமிஷனரைக் கேளுங்கள். கோர்ட் நியமித்த வக்கீல் ஒருவர் வந்து, சர்வேயருடன் தடத்தைப் பார்த்து அளந்து படம் போட்டு அறிக்கை கொடுப்பார். வழித் தகராறு வழக்குகளில் பாதி இந்த அறிக்கையில்தான் நிற்கும். உழுது தடயத்தை அழிக்கும் முன் வர வேண்டும். அவர் வரும் அன்று நீங்கள் அங்கே இருங்கள், பனையையும் கல்லையும் காட்டுங்கள், மற்றபடி வாதாடாதீர்கள்.

செலவுக்குப் பயந்தால் தாலுகா சட்ட சேவைக் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. வழித் தகராறுக்கு என் கணிப்பில் இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் தீர்ப்புக்குப் பிறகும் நீங்கள் இருவரும் ஒரே தடத்தில் எதிரெதிரே நடக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

உள்நிலம் மலிவாக வரும், அதற்குக் காரணம் இருக்கும். விற்பவர் 'வழியெல்லாம் இருக்குங்க' என்று நடத்திக் கூட்டிப் போவார். அந்தத் தடம் யார் சர்வே எண்ணில் ஓடுகிறது என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள். தடத்தின் நிலத்துக்காரரைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வழி ஆதாரத்தைப் பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள். முன் நிலம், உள்நிலம் இரண்டையும் ஒருவரே வாங்கினால் பழைய வழி உரிமை அத்தோடு அழிந்துவிடும், மறுபடி பிரித்து விற்கும்போது புதிதாக எழுத வேண்டும். 20 வருஷம் ஒருவரும் நடக்காமல் விட்டால் எழுதிய வழியும் போய்விடும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு லோடு எரு ஏற்றி அந்தத் தடத்தில் போங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: டிகிரி வந்த பிறகு

சுவரை எடுக்கச் சொன்ன கட்டளை உத்தரவை 3 வருஷத்துக்குள் நிறைவேற்று மனு போட்டு அமல்படுத்த வேண்டும். இனித் தடுக்கக் கூடாது என்ற நிரந்தரத் தடைக்கு அந்தக் கெடு இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் டிகிரியைப் பூஜையறையில் வைத்துவிட்டு, எதிராளி தானாக இடிப்பார் என்று காத்திருந்து 3 வருஷத்தைத் தாண்டியவர்கள் உண்டு. டிகிரியின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள். ஒன்றை உங்கள் ஆதாரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். மற்றொன்றோடு வில்லேஜ் ஆபீசிலும் பஞ்சாயத்திலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மகன், மகளுக்குப் பாகம் எழுதும் நாளில், ஒவ்வொருவர் பாகத்துக்கும் தடம் எது, எத்தனை அடி என்று அந்தப் பாகப்பத்திரத்திலேயே எழுதுங்கள். எங்கள் மாமனார் போன மாசம் எழுதினார். 10 அடி, படத்தோடு, மூன்று பிள்ளைகளுக்கும்.